புளிக்காத பங்கு

காலை நாலு மணிக்கு மூடி தானாக எழும்பும்.
ஏழு நீல வாளிகள். நேற்று இரவு பாதி,
இப்போது விளிம்பு.
ஆட்டியது நான். அதன் பிறகு இருட்டில் நடந்தது எதிலும்
எனக்குக் கையில்லை.

ஜாபர்கான்பேட்டை, இரண்டாவது சந்து.
பலகையில் ஏழுமலை மாவுக்கடை என்றிருக்கும்.
ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறார்.
கிரைண்டர் என்னுடையது, கடன் என்னுடையது.
தலைவலியும்.

ஒன்பது வருடம் அதை வெயில் என்றேன்.
கண்ணாடி மாற்றினேன்.
ஆடியில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கூழ் ஊற்றினேன்,
மீந்ததில் இரண்டு சொம்பு நானே குடித்து
இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.
அப்போதும் உறைக்கவில்லை.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர்,
பையில் மூன்று பேனா, சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.
"என்ன சாப்பிட்டீங்க, எப்ப வலிச்சுது,
ஒரு நோட்டுல போட்டுக் கொண்டாங்க."
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டேன்:
தோசை. மூன்று மணி நேரம் கழித்து, இடது நெற்றிப்பொட்டு.
பழைய சோறு. அதே இடம், வாந்தியோடு.
கருவாடு. எழுதக்கூட முடியவில்லை.
இடியாப்பம். ஒன்றுமில்லை.

புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"புளிச்சது எதுவும் வேணாம், மூணு வாரம் பாப்போம்.
எல்லாருக்கும் இப்படி இல்ல. உங்களுக்கு."
என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்று வாரம். மே மாதம்.
வெயில் அதேதான், தார் உருகியது,
வலி வரவில்லை.
இருபத்திரண்டாம் நாள் வேண்டுமென்றே
ஓர் ஊத்தப்பம் சுட்டேன், வெங்காயம் போட்டு,
ஓரம் முறுகவிட்டு.
மதியம் இரண்டரைக்கு வந்தது,
வீடு தெரிந்த கடன்காரனைப் போல.
படுத்துக்கொண்டு சிரித்தேன்.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு அதற்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது.

கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு வேறு உடம்பு.
ஜிம்முக்குப் போகும் கிஷோர் அரிசி போடாத மாவு கேட்பான்.
"வடை மாவு இருக்குப்பா."
எண்ணெய் ஆகாதாம்.
நான்காவது மாடி மிருணாளினி மேடம்
காய்ச்சலுக்கு மாத்திரை தின்று வயிறு கெட்டு
ஒரு வாரம் என் மாவிலும் மோரிலும் தேறி வந்தார்.
"உங்க கைதான் மருந்து."
கை இல்லை மேடம், ராத்திரி.
அதே வாளி, அதே கரண்டி, அதே இட்லி நாலு,
அவர் மாமனாருக்கு மீட்டர்
இருநூற்று எண்பது காட்டுகிறது.

"வயித்துக்கு நல்லதாமே?" என்பார்கள்.
முன்பெல்லாம், "ரொம்ப."
இப்போது பாக்கெட்டை முடிச்சுப் போடுகிறேன், சில்லறை தருகிறேன்.
ஒரு நாள் மட்டும் வாய் தவறி,
"யார் வயித்துக்கு?" என்று கேட்டுவிட்டேன்.
அந்தம்மா மறுநாளிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்குகிறார்.

உப்பை மூக்கால் பார்க்கப் பழகிக்கொண்டேன்.
சிரிக்காதீர்கள், முடியும்.
லாரித் தண்ணீர் நாளில் ஒரு வாசம்,
மெட்ரோ தண்ணீர் நாளில் ஒரு வாசம்,
ஐப்பசி மழையில் சோம்பேறி வாசம்,
அன்றைக்கு வாளிகளுக்குக் கோணி போர்த்த வேண்டும்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் மணி. சிக்கந்தர்.
எட்டு இடியாப்பம் எனக்கு, ஒரு லிட்டர் மாவு அவருக்கு.
காசு கைமாறாது.
இருபது வருடமாக விற்றும் தான் ஒன்றைக்கூடத் தொடுவதில்லையாம்,
பார்த்தாலே நூல் கண்டு ஞாபகம்.
அவர் வீட்டில் இன்றைக்குக் கல் தோசை.

தேங்காய்ப்பால், கொஞ்சம் சர்க்கரை.
நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.
பின்னால் ஏழாவது வாளி
தட்டை மெல்லத் தள்ளுகிறது, கொஞ்சம் வழிகிறது.
"இரு, வரேன்" என்கிறேன்
வாய் நிறைய.